காது கேளாத நோயாளியிடம் பேச நர்சிங் மாணவிகளுக்கு யார் சொல்லித்தருவது? (ஆய்வுக்கு யோசனை தேவை)

வேலூர்வெயில்:

வணக்கம். வேலூரில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்கு ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன்: காது கேளாத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்குப் பயிற்சி கொடுத்தால் வார்டில் என்ன மாறுகிறது. கைடு மேடம் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால், "பயிற்சியில என்ன சொல்லித்தரப் போற, யார் சொல்லித்தரப் போறாங்க?" என்று கேட்டார். அங்கேதான் நிற்கிறேன்.

எங்கள் பாடத்தில் காதுக்குக் குறைவே இல்லை. ரின்னே, வெபர் என்று ட்யூனிங் ஃபோர்க் வைத்துக் காதைச் சோதிப்பது, நடுக்காதில் சீழ், காதுக்குப் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பில் அறுவைக்குப் பிறகு போடும் கட்டு எல்லாம் பரீட்சைக்கு வரும். காது கேளாத ஒரு பெண் பித்தப்பைக் கல்லோடு சர்ஜரி வார்டில் படுத்திருந்தால் அவரிடம் எப்படிப் பேசுவது என்று எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. வார்டில் நடப்பது இதுதான்: கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு போவோம், கூட வந்த அம்மாவிடம் கேட்போம், அம்மா சொல்வதை எழுதுவோம், பிரஷர் பார்ப்போம், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். நோயாளி எங்கள் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் நம் ஊர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். சிகிச்சைக்கு வருகிற வெளிமாநிலத்தவருக்காகக் காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டு முதல் மருந்துக்கடை வரை வங்காள எழுத்து. ஆட்டோக்காரர் இந்தியில் விலை பேசுவார். கேரளாவிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள்கூட ஒரு வருஷத்துக்குள் கொல்கத்தா பாட்டியிடம் எங்கே வலி, மலம் போனதா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறார்கள். பக்கத்துப் பேரணாம்பட்டிலிருந்து வரும் காது கேளாதவரிடம் கேட்க எங்களிடம் ஒன்றும் இல்லை. யோசனை சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

நைட்_டியூட்டி:

திட்ட ஒன்றும் இல்லைம்மா. ஆனால் தரையில் நின்று பேசலாம். நான் ஸ்டாஃப் நர்ஸ். ராத்திரியில் ஒரு வார்டை ரெண்டு பேர் பார்க்கிறோம். ஒரு பக்கம் ஐ.வி. லைன் அடைத்திருக்கும், இன்னொரு பக்கம் புது அட்மிஷன், நடுவில் யாராவது ட்யூபைப் பிடுங்கிப் போட்டிருப்பார். இதில் காது கேளாதவர் ஒருவர் வந்தால் கூட இருக்கும் ஆளிடம் கேட்பதைத் தவிர வேறென்ன செய்வது? சைகை மொழி கற்றுக்கொள்ள எனக்கும் ஆசைதான். அதற்கு டியூட்டி லிஸ்டில் நேரம் போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் எங்கள் வார்டுக்கு வந்து ஒரு ட்ரெயினிங் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். கை கழுவுவது எப்படி என்று மட்டும் எத்தனையோ தடவை கற்றுக்கொண்டுவிட்டேன்.

செந்தில்_ஆம்பூர்:

நைட்_டியூட்டி அக்கா, "கூட இருக்கும் ஆள்" என்று சொன்னீர்களே, அந்த ஆள் நான்தான். என் அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றார். வீட்டில் எனக்கு முதலில் வந்தது சைகை, அப்புறம்தான் தமிழ்.

நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவுக்கு மாதவிடாய் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம், பெயர் வேண்டாம். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிடலாம், சொல்லிடு தம்பி என்றார். பன்னிரண்டு வயசுப் பையன் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வான்? வெட்கம் ஒரு பக்கம், அந்த உறுப்புக்கு என்ன சைகை என்றும் தெரியாது. வயிற்றைத் தொட்டுக் காட்டி, கெட்டுப்போச்சு, எடுக்கணும் என்றேன். அம்மா தலையாட்டினார். கையெழுத்தை அப்பா போட்டார். அம்மா குடலில் ஏதோ எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் தீட்டு வரவில்லை என்று பயந்துபோய் பக்கத்துத் தெரு அக்காவிடம் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நர்ஸ் அக்கா எனக்கு பிஸ்கட்கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட இந்த அம்மாவிடம் நேராகக் கேட்போம் என்று தோன்றவில்லை.

வேலூர்வெயில்:

செந்தில் அண்ணா, எழுதியதற்கு நன்றி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை.

இதையொட்டி ஒன்று. 2008-இல் கனடாவின் மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். கியூபெக் மாகாணத்தில் 20 மருத்துவமனைகளின் கேஸ் ஷீட்டுகளை அலசியிருக்கிறார்கள். பேச்சிலோ கேட்பதிலோ தொடர்புச் சிக்கல் உள்ள நோயாளிகளுக்கு, தடுத்திருக்கக்கூடிய தீங்கு நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு. பெரும்பாலும் மருந்துத் தவறுகள், சரியாக அமையாத சிகிச்சை மாதிரியானவை. நைட்_டியூட்டி அக்கா சொன்ன நேரப் பற்றாக்குறைக்கு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்காமல் விட்ட கேள்விக்கு மறுநாள் மார்னிங் ஷிஃப்ட்தான் மாரடிக்கும்.

எதார்த்தவாதி:

இவ்வளவு பேச்சு எதற்கு? போனில் பேசினால் எழுத்தாக மாற்றிக் காட்டும் செயலி இருக்கிறது, தமிழும் வரும். வார்டுக்கு ஒரு டேப்லெட் வாங்கி வைத்தால் முடிந்தது. ஆய்வும் தேவையில்லை, பயிற்சியும் தேவையில்லை.

ஆடியோ_காட்பாடி:

செயலியால் பயன் உண்டு, ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். நான் ஆடியாலஜிஸ்ட், கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. காது கேளாதவர் என்று ஒரே பெட்டியில் எல்லாரையும் போடுவதில்தான் முதல் கோளாறு.

வார்டில் நீங்கள் அதிகம் பார்ப்பது அறுபது, எழுபது வயதில் காது மந்தமான தாத்தா பாட்டிகள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால் செயலி உதவும், எழுதிக் காட்டினாலும் போதும். சைகை மொழி அவர்களுக்கு எந்தப் பயனும் தராது. காதருகே கத்துவது இன்னும் மோசம். கத்தும்போது ஒலி சிதையும், முகமும் கோபமாகத் தெரியும். எதிரே நின்று, முகத்தில் வெளிச்சம் விழ, நிதானமாகப் பேசினால் பாதி வேலை முடியும். இன்னொன்று, காது மெஷினைத் தொலைந்துபோகும் என்று வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வருவார்கள். அட்மிஷனில் 'மெஷின் இருக்கா, கொண்டு வந்தீங்களா, பேட்டரி இருக்கா' என்று கேட்பதை ஒரு பழக்கமாக்குங்கள். பெயர் எழுதிய சின்ன டப்பா ஒன்று கட்டிலோரம் இருந்தால், தலையணை உறையோடு மெஷினும் சலவைக்குப் போகாது.

பிறவியிலிருந்து கேளாதவர்கள் வேறு. தமிழ் அவர்கள் காதில் விழுந்து வளர்ந்த மொழி இல்லை. பள்ளியில் எழுத்து வழியாக, அதுவும் பலருக்கு அரைகுறையாக, வந்த மொழி. உலகம் முழுக்கப் பள்ளிகள் நூறு வருஷத்துக்கு மேல் சைகையைத் தடுத்து வாய்ப்பேச்சையே பிடித்துக்கொண்டு நின்றன. 1880-இல் மிலான் மாநாட்டில் கல்வியாளர்கள் கூடி அப்படித் தீர்மானமே போட்டார்கள். அதன் விளைவு நம் பக்கத்துப் பள்ளிகளிலும் உண்டு. அவர்களிடம் 'உணவுக்கு முன் உட்கொள்ளவும்' என்று செயலி எழுதிக் காட்டினால் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பாதீர்கள்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மாஸ்க் போட்டால் அதுவும் போச்சு. மாஸ்க் இல்லாவிட்டாலும் ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'மருந்து', 'பருந்து' என்று சொல்லிப் பாருங்கள். க, ங போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரியவே தெரியாது.

பழைய_சிஸ்டர்:

முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் இருந்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். நாட்டில் முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய ஊர்களில் நம் வேலூரும் ஒன்று, 1946-இல். நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள், நோயாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சார்ட்டைப் பார் என்பார்கள். காது கேளாதவர் விஷயத்தில் மட்டும் அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

பிரசவ வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காது கேளாத பெண், தலைப்பிரசவம். அவளுக்காகப் பேசக்கூடியவள் அக்கா ஒருத்திதான், அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நாலு பேர் மாஸ்க் போட்டுக்கொண்டு 'முக்கு, முக்கு' என்று கத்துகிறார்கள். அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். வலி வந்தால் எந்தப் பெண்ணும் மூடத்தான் செய்வாள், மூடிவிட்டால் இவளுக்கு உலகத்தோடு தொடர்பே அறுந்துவிடும். ஒரு ஜூனியர் பெண் போய் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வலி ஏறும்போது இறுக்கிப் பிடித்தாள், விடவேண்டிய நேரத்தில் விரலைத் தளர்த்தினாள். இரண்டு வலிக்குள் அந்தப் பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் நான் போய் அக்காவையும் உள்ளே விடச் சொன்னேன். பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடும் நடைமுறை நம் மாநில அரசு மருத்துவமனைகளில் உண்டு. காது கேளாதவளுக்கு அது சலுகையில்லை, அவள் வாயே அதுதான்.

இந்த மாதிரி விஷயங்கள்தான் பயிற்சியில் வர வேண்டும். சைகை பேசுகிறவருக்கு வலது கையில் ஐ.வி. போட்டு, கை அசையாமலிருக்க ஸ்ப்ளிண்ட் கட்டினால் வாயில் பிளாஸ்டர் ஒட்டிய மாதிரி. எந்தக் கையால் அதிகம் பேசுகிறார் என்று பார்த்து மற்றக் கையில் போடு, முன்னங்கையில் போடு, விரலும் மணிக்கட்டும் மடங்கட்டும். ட்யூபைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கையையும் கட்டுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசி. ராத்திரி விளக்கணைத்தால் பேச்சு நின்றுபோகும், தலைமாட்டு விளக்கு ஒன்றை விட்டுவை. பின்னாலிருந்து போய்த் தொடாதே, திடுக்கிடுவார். மயக்கம் கொடுக்கப் போகும் நோயாளியிடம் தியேட்டருக்கு வெளியிலேயே, மாஸ்க் போடுவதற்கு முன்பே, எல்லாம் சொல்லி முடி. கண்ணாடி போடுகிறவர் என்றால் மயக்கம் ஏறும்வரை கண்ணாடியைக் கழற்றாதே. இதற்கெல்லாம் சைகை மொழி தெரிய வேண்டியதில்லை, நைட்_டியூட்டி சிஸ்டர்.

நைட்_டியூட்டி:

ஐ.வி. விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை மேடம். நாளைக்கே செய்ய முடிந்த வேலை. அதைக் குறித்துக்கொண்டேன்.

விரல்_பேச்சு:

நான் காது கேளாதவன். குடியாத்தம் பக்கம். டிசைன் வேலை செய்கிறேன். நான் எழுதியதை என் தங்கை கொஞ்சம் சரிசெய்து போடுகிறாள், கருத்து என்னுடையது.

எல்லாரும் எங்களைப் பற்றி நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் இன்னும் "எங்களைப் பற்றி"தான். வேலூர்வெயில், உங்கள் முதல் பதிவில் மாணவிகள் இருக்கிறார்கள், கைடு இருக்கிறார், வார்டு இருக்கிறது. காது கேளாதவர் நோயாளியாகக் கட்டிலில் மட்டும் இருக்கிறார். சொல்லித்தருவது யார் என்று கேட்டீர்கள். நாங்கள் சொல்லித்தருவோம்.

எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. ஓ.பி.யில் டோக்கன் நம்பரை வாயால் கூப்பிடுகிறார்கள். நம்பர் எப்போது போகும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாத்ரூம்கூடப் போகவில்லை. உள்ளே போனதும் டாக்டரும் சிஸ்டரும் என் அண்ணனோடு பேசினார்கள். சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று அண்ணனைக் கேட்டேன், "ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன்" என்றான். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் இந்த "அப்புறம் சொல்றேன்" தெரியும். அந்த அப்புறம் வராது.

வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போடச் சொன்ன சிஸ்டர் விரலைக் காட்டிக் கேட்டார், நல்லது, புரிந்தது. ஆனால் எப்படிப்பட்ட வலி என்று கேட்கவில்லை. எனக்குச் சைகையில் குத்துகிற வலி, எரிகிற வலி, இழுக்கிற வலி, விட்டுவிட்டு வரும் வலி எல்லாம் தனித்தனியாகச் சொல்ல வரும். உங்களைவிட நன்றாகவே வரும்; எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உடம்பிலேயே வரைந்து காட்டுவோம். பார்க்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று. அரை நாள் வகுப்பில் இருபது சைகை சொல்லிக்கொடுத்து சான்றிதழ் தராதீர்கள். இருபது சைகை வணக்கம் சொல்லவும், தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போகணுமா என்று கேட்கவும் நல்லது. அதை வைத்து ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கினால் ஆபத்து. நோய் என்ன, என்ன செய்யப் போகிறீர்கள், கையெழுத்து எதற்கு, இந்த மூன்றுக்கும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நேரில் இல்லாவிட்டால் வீடியோ காலில்.

எதார்த்தவாதி:

மொழிபெயர்ப்பாளருக்கு எங்கே போவது? வேலூரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

சட்டப்புத்தகம்:

குறைவுதான், நாடு முழுக்கவே குறைவு. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் வந்ததே 2015-இல்தான். மொழிபெயர்ப்புக்கு இரண்டு வருஷ டிப்ளமா இருக்கிறது. அவர்கள் போட்டிருக்கும் சைகை அகராதியில் 10,000-க்கும் மேற்பட்ட சொற்கள், வீடியோவாகவே பார்க்கலாம், காசு கிடையாது. மருத்துவச் சொற்களும் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் கேட்புக் குறைபாடு என்று பதிவானவர்கள் மட்டும் சுமார் 50 லட்சம். இந்த மக்கள்தொகைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனால் ஆள் இல்லை என்பதால் உரிமை இல்லாமல் போகாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 25-ஐ எடுத்துப் பாருங்கள். அரசு, தனியார் என்று பாகுபாடில்லாமல் மருத்துவமனையின் எல்லாப் பகுதியும் தடையில்லாமல் இருக்க வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. தடை என்றால் படிக்கட்டு என்றே நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வாசலில் சாய்தளம் போட்டுவிட்டு முடிந்தது என்கிறார்கள். வாயால் கூப்பிடும் டோக்கனும் தடைதான். நம்பர் ஒளிரும் பலகை ஒன்று வைக்க எவ்வளவு ஆகும்?

இழையின் தலைப்பைக் கொஞ்சம் நீட்டுகிறேன். காது கேளாதவர் நர்ஸாகவே வரலாமா? பட்டப்படிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் உண்டு. ஆனால் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகள் அந்த இடங்களைக் காலில் 40 முதல் 50 சதவீதம் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே எழுதி வைத்திருக்கின்றன. கேட்புக் குறைபாடு அந்த வரியில் இல்லை.

நைட்_டியூட்டி:

இதில் நான் உடன்படமாட்டேன். மானிட்டர் அலாரம் அடித்தால்? பக்கத்து அறையில் நோயாளி கூப்பிட்டால்? ஸ்டெத் வைத்து நுரையீரல் கேட்க வேண்டாமா? அனுதாபம் வேறு, உயிர் விஷயம் வேறு.

ஆடியோ_காட்பாடி:

அலாரம் கேட்டு ஓடுவதில் கேட்கும் காது உள்ளவர்கள் பெரிய சாதனை எதுவும் செய்துவிடவில்லை அக்கா. ஐ.சி.யூ.வில் விடாமல் அலாரம் அடித்து அடித்து, காதில் விழுந்தும் மனதில் ஏறாமல் போவது உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்சினை. மானிட்டரில் விளக்கும் எரியும், அதிர்வு தரும் பேஜரோடு இணைக்கவும் முடியும். ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்டெதஸ்கோப் உண்டு, அலையாகத் திரையில் காட்டும் வகையும் உண்டு. அமெரிக்காவில் கேட்புக் குறைபாடுள்ள டாக்டர், நர்ஸுகளுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது.

எல்லா வார்டுக்கும் எல்லாரும் பொருந்துவார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் நர்ஸுகளிலும் தியேட்டருக்குப் பொருந்தாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வேறு இடத்தில் போடுகிறோம். அப்புறம், மிதமான குறைபாடு உள்ள பெண்கள் மெஷினை முடிக்குள் மறைத்துக்கொண்டு இப்போதே படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெளியே சொன்னால் அட்மிஷன் போய்விடும் என்ற பயம். மறைப்பதால்தான் அவர்களுக்கு வேண்டிய கருவி கிடைப்பதில்லை.

சட்டப்புத்தகம்:

நீதிமன்றம் இதே திசையில் போய்க்கொண்டிருக்கிறது. எம்.பி.பி.எஸ். சேர வந்த மாணவர் ஒருவருக்குப் பேச்சுக் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லி இடம் மறுத்தார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சதவீதத்தைப் பார்த்து மட்டும் ஒருவரை ஒதுக்கக் கூடாது, அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று மதிப்பீட்டுக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் 'இரண்டு கைகளும் முழுமையாக இருக்க வேண்டும்' என்ற விதியையும் ஏற்கவில்லை. இவை மருத்துவப் படிப்புக்கான தீர்ப்புகள். நர்சிங்குக்கு யாராவது கேட்டால் இதே தர்க்கம் பேசும் என்பது என் கருத்து.

பழைய_சிஸ்டர்:

வேலூர்க்காரர்கள் இந்த விவாதத்தில் ஒருவரை மறக்கக் கூடாது. டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தபோது அதன் பின்னால் இருந்தவர் அவர். 1972-இல் பத்மஸ்ரீ. உட்கார்ந்துகொண்டு ஆபரேஷன் செய்ய முடியுமா என்று அன்றைக்கும் நாலு பேர் கேட்டிருப்பார்கள். மேசையை அவருக்குத் தக்கபடி தாழ்த்தினார்கள், அவ்வளவுதான்.

நைட்_டியூட்டி:

அவர் பெயரைக் கொண்டு வந்தால் நான் என்ன பேசுவது மேடம். சரி, ஐ.சி.யூ. பற்றி என் சந்தேகம் அப்படியே இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கவில்லை. காட்பாடி வொர்த் டிரஸ்ட்டில் மாற்றுத்திறனாளிகள் மெஷினில் நின்று வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். வேலையை ஆளுக்குத் தகுந்த மாதிரி பிரிக்கலாம் என்பது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

புள்ளி_விவரம்:

ஆய்வு முறைக்கு வருகிறேன், அதற்குத்தானே இழை தொடங்கியது. நர்சிங் ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரம் போட்டுக்கொடுப்பது என் தொழில். ஒரு ரகசியம் சொல்கிறேன். அறுபது மாணவிகள், முன்தேர்வு, ஒரு மணி நேர வகுப்பு, ஏழு நாள் கழித்துப் பின்தேர்வு, கேள்வித்தாள் அதேதான். இந்த வடிவத்தில் வரும் எந்த ஆய்விலும் பயிற்சி பலனளிக்காமல் போனதை நான் பார்த்ததில்லை. பாடம் நடத்திவிட்டு அதே பாடத்தில் கேள்வி கேட்டால் மார்க் கூடாமல் என்ன செய்யும்? தீசிஸ் பைண்ட் ஆகி நூலகத்துக்குப் போகும், வார்டில் அம்மாவிடம் கேட்பது அப்படியே தொடரும்.

வேலூர்வெயில், அளப்பதை மாற்றுங்கள். அறிவை விட்டுவிட்டு நடத்தையை அளந்து பாருங்கள். செய்முறைத் தேர்வு போல ஒரு அறை, அதில் காது கேளாத ஒருவர் நோயாளியாக நடிக்கிறார். மாணவி உள்ளே வந்ததும் முதலில் யாரைப் பார்த்தாள், மாஸ்க்கை என்ன செய்தாள், மருந்து சொன்னபின் அவரைத் திரும்பச் செய்து காட்டச் சொன்னாளா, இல்லை தலையாட்டலோடு விட்டுவிட்டாளா. மார்க் போடுவது அந்த நோயாளியாகவே இருக்கட்டும். பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் ஒப்பிட வையுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஆள் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

ரோசெஸ்டரில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் காது கேளாதோர் நிறைய வாழும் ஊர் அது. அங்கே மருத்துவ மாணவர்களை வைத்து 1998 முதல் ஒரு பயிற்சி நடக்கிறது. பொய்யாக ஒரு மருத்துவமனை போடுகிறார்கள். வரவேற்பு, டாக்டர், மருந்தகம் எல்லாமே காது கேளாதவர்கள், சைகையில் மட்டும் பேசுவார்கள். மாணவர்கள்தான் நோயாளி. சீட்டு வாங்குவதற்குள் மாணவருக்கு வியர்த்துவிடும். வாய் பேசாமல் நடித்தே வயிற்றுவலியைச் சொல்லி, மருந்தகத்தில் என்ன கொடுத்தார்கள் என்றே தெரியாமல் வெளியே வருவார்.

விரல்_பேச்சு:

அதைச் செய்யலாம்! எங்கள் நண்பர்கள் எத்தனை பேர் வேண்டும் சொல்லுங்கள். மாணவிகளை 'அப்புறம் சொல்றேன்' என்று உட்கார வைக்க எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

ஒரு நிபந்தனை. வருகிறவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஒரு நாள் வந்தால் எங்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். டீயும் வடையும் கொடுத்து நன்றி சொன்னால் போதாது. வேறு எந்தப் பாடத்துக்கும் வெளியாள் வந்து வகுப்பெடுத்தால் கொடுப்பீர்கள்தானே.

செந்தில்_ஆம்பூர்:

இன்னொன்றையும் சேருங்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் சம்மதப் படிவம் தமிழில் மூன்று பக்கம் இருக்கும். என் அப்பா அதில் கையெழுத்துப் போடுவார், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல். சைகையில் வீடியோ எடுத்துக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, அப்புறம் சம்மதம் வாங்குங்கள். பேட்டி எடுத்தால் வீடியோவாகவே பதிவு செய்யுங்கள், வேறொருவர் மறுபடி பார்த்துச் சரிபார்க்க முடியும். மொழிபெயர்ப்பாளரை ஜாக்கிரதையாகத் தேர்ந்தெடுங்கள். மாவட்டத்தை 2019-இல் மூன்றாகப் பிரித்தார்கள், காது கேளாதவர்கள் உலகத்தில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் இன்னும் ஒரே ஊர்தான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒருவர் ஆஸ்பத்திரியில் சொன்னது அடுத்த கல்யாண வீட்டில் பேச்சாகிவிடும் என்ற பயம் இருக்கிறது. பெண்கள் விஷயத்தில் பெண் மொழிபெயர்ப்பாளர்.

வேலூர்வெயில்:

மூன்று நாளாக எல்லாவற்றையும் நோட்டில் எழுதி கைடு மேடத்திடம் காட்டினேன். கேள்வித்தாளை அடித்துவிட்டார், செய்முறை அறைக்குச் சம்மதித்தார். ஒப்பீட்டுக் குழுவுக்கு அடுத்த பேட்ச் மாணவிகள். ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் அதே பயிற்சி. பயிற்சியை இரண்டாகப் பிரிக்கிறோம், வயதில் காது மந்தமானவர்களுக்கு ஒன்று, சைகை பேசுகிறவர்களுக்கு ஒன்று. இரண்டாவதை நடத்துவது விரல்_பேச்சு அண்ணாவும் அவர் நண்பர்களும், நான் அறை ஏற்பாடு மட்டும். காசு விஷயத்தில் துறையிலிருந்து போக்குவரத்துச் செலவு மட்டும் கிடைக்கும் போலிருக்கிறது, மதிப்பூதியத்துக்கு மேடம் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அது உறுதியாகாமல் தேதி குறிக்க மாட்டேன்.

காது கேளாதவர் நர்ஸாவது பற்றி இந்த ஆய்வில் தொட முடியாது. ஆனால் மாணவிகளிடம் ஒரு கேள்வியாக முன்பும் பின்பும் கேட்கப்போகிறேன்: உங்களோடு டியூட்டியில் காது கேளாத நர்ஸ் ஒருவர் இருந்தால் நோயாளியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவீர்களா?

நைட்_டியூட்டி:

அந்தக் கேள்விக்கு என் பதில் உங்களுக்கே தெரியும். பயிற்சிக்கு எங்கள் வார்டிலிருந்து ரெண்டு ஸ்டாஃப் வரலாமா? மார்னிங் டியூட்டி முடிந்து மதியம் 2 மணிக்கு மேல்தான் முடியும். போட்டோ எடுக்கக் கூடாது.

விரல்_பேச்சு:

2 மணி எங்களுக்கும் சரி, சனிக்கிழமை என்றால் பாதி நாள் லீவு போட்டால் போதும். அறை வெளிச்சமாக இருக்கட்டும். புரொஜெக்டருக்காக விளக்கை அணைக்கிற அறை வேண்டாம். நாற்காலியை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போடுங்கள், எல்லாருக்கும் எல்லார் கையும் தெரிய வேண்டும்.

வேலூர்வெயில்:

சரி அண்ணா. மாடியில் டெமோ ரூம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஜன்னல். திங்கள்கிழமை சாவி கேட்டுப் பார்க்கிறேன். நைட்_டியூட்டி அக்கா, வாருங்கள், உங்கள் இரண்டு பேர் பெயரையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.